கடைசி வரை நின்றவள்

எனக்கு எழுபத்துநான்கு வயது ஆகிறது. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேர். நான் பெற்றது நான்கு. என் நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள் இரண்டு. ஆறு பேரில் ஒருவரையும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் நிறுத்தியதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நான் படித்தது ஐந்தாவதுகூட முழுசாக இல்லை. என் எழுத்து கோணலாக இருக்கும். புள்ளி வைக்க மறந்துபோகும். இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆனாலும் ஆகட்டும், எனக்கு ஒன்றும் ரயில் தப்பிவிடாது.

போன வாரம், இங்கே மும்பைக்குப் பக்கத்தில் ஐரோலியில் என் மகன் வீட்டில், பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசினாள்.

“ஆச்சி, இன்னிக்கு ஸ்கூல்ல புது கேம் சொல்லிக் குடுத்தாங்க. டாஜ்பால். உனக்குத் தெரியாது.”

“தெரியாதா? சொல்லு பாப்போம்.”

“ரெண்டு டீம். நடுவுல ஒரு லைன். பந்து மேல பட்டா அவுட். கேட்ச் புடிச்சா எறிஞ்சவன் அவுட். மூஞ்சில அடிக்கக் கூடாது.”

பந்து பஞ்சு மாதிரி இருக்குமாம். பட்டால் வலிக்கவே வலிக்காதாம். வலிக்காத பந்துக்கு என்னத்துக்கு ஒதுங்க வேண்டும் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, “அப்போ நீ ஆடிருக்கியா? கடைசி வரைக்கும் நின்னிருக்கியா?” என்று கேட்டாள்.

ஆடியிருக்கிறேன். கடைசி வரைக்கும் ஒருநாளும் நின்றதில்லை. எங்கள் தாராவியில் கடைசி வரைக்கும் நின்றவள் ஒருத்திதான். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் என்னைவிட இரண்டு, இரண்டரை வயது மூத்தவள். எங்கள் சந்து முனையில் அவளுடைய அப்பா சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். கறுப்பு, ஒல்லி, முழங்கால் வரை தொங்கும் சடை. வாயைத் திறக்காமல் சிரிப்பாள். எந்நேரமும் வாயில் ஒரு புளியங்கொட்டை கிடக்கும். வறுத்த கொட்டையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே இருப்பாள். அது நின்றுவிட்டால் அவள் எதையோ யோசிக்கிறாள் என்று அர்த்தம். சந்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் அக்கா. அவள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். “ஏட்டி” என்றால் போதும், யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவரவருக்குத் தெரியும்.

நான் ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்தபோதே எட்டு வயது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போடும் பழக்கம் இல்லை. இங்கே வந்துதான் ஒன்றாவதில் உட்கார்ந்தேன், என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. அதனால் வகுப்பில் எனக்குக் கூட்டாளி கிடையாது. அவள்தான் முதல் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் என்னைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். “ஏட்டி, நீ குட்டையா, கெட்டியா இருக்க. எங்கூட நில்லு” என்றாள். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஆட்டத்தில் நடுக்கோடு கிடையாது. பெரிய வட்டம் ஒன்று கரியால் போடுவோம். பாதிப் பேர் வட்டத்தைச் சுற்றி, பாதிப் பேர் வட்டத்துக்குள்ளே. சுற்றி நிற்பவர்கள் எறிவார்கள், உள்ளே இருப்பவர்கள் ஒதுங்குவார்கள், குதிப்பார்கள், குனிவார்கள். இடுப்புக்குக் கீழே பட்டால் அவுட். தரையில் ஒரு தடவை குதித்துவிட்டுப் பட்டால் கணக்கில்லை. தலையில் பட்டால் எறிந்தவளுக்குத்தான் திட்டு. அவுட் ஆனவள் வெளியே வந்து எறிகிறவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும். கடைசியில் ஒருத்தி மட்டும் மிஞ்சுவாள் பாருங்கள், அவள் ராணி. நடுவர் கிடையாது, விசில் கிடையாது. பட்டால் பட்டவளே சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே சட்டம்.

பந்து என் வீட்டுப் பந்து. அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். மிஞ்சிய தோல் துண்டுகளை நான்கு இதழாக வெட்டித் தைத்து, உள்ளே கந்தலும் தென்னை நாரும் அடைத்துக் கொடுத்தார். வெயிலில் கல் மாதிரி இருக்கும். மழையில் நனைந்தால் இரண்டு மடங்கு கனம், பட்டறை நாற்றம் வேறு. பட்ட இடம் கன்றிப்போகும். அந்தக் காலத்தில் தாராவியில் எந்தச் சந்துக்குப் போனாலும் பெண்பிள்ளைகள் இதைத்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள். பையன்களுக்கு லகோரி, கல் அடுக்கி, பந்தால் கலைத்து ஓடுவது. எங்களுக்கு இது. கம்பம் வேண்டாம், வலை வேண்டாம், பத்துப் பேர் வந்தாலும் ஆடலாம், முப்பது பேர் வந்தாலும் ஆடலாம். அம்மா கூப்பிட்டால் பாதியில் ஓடிவிடலாம், ஆட்டம் நிற்காது.

எங்கிருந்து வந்த ஆட்டம் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒரு கதை சொன்னார். எங்கேயோ ஆப்பிரிக்கா தேசத்தில் ஒரு கூட்டத்தார் சண்டைக்குப் பழகுவதற்காக ஒருவர் மேல் ஒருவர் கல்லை எறிந்துகொள்வார்களாம். அடிபட்டு ஒருவன் விழுந்தால், அவனுடைய ஆட்கள் ஓடிவந்து முன்னால் நின்று மறைத்துக்கொள்ள வேண்டுமாம். அதைப் பார்த்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஊருக்குப் போய்க் கல்லுக்குப் பதிலாகப் பந்தைக் கொடுத்து ஆடவைத்தாராம். மெய்யோ பொய்யோ, டீச்சர் நன்றாகச் சொன்னார். நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். அவள் மட்டும் புளியங்கொட்டையைக் கன்னம் மாற்றிவிட்டு என் காதில் சொன்னாள்: “அப்போ எவனாச்சும் முன்னாடி வந்து நிக்குத வரைக்கும் எந்திரிக்காம கெடக்குதவன்தாம்ட்டி கெட்டிக்காரன்.”

சிரித்தேன். அவள் என்ன சொன்னாலும் சிரிப்பேன்.

அவள் மேல் பந்து படாததற்குக் காரணம் உண்டு. எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். “பந்தைப் பாக்காத. பந்து வந்த பொறவு பாத்து என்ன செய்ய? எறியுதவ தோளைப் பாரு. தோள் சொல்லிரும்.” அது உண்மை. நானும் பழகினேன், கொஞ்சம் வந்தது. ஆனால் அவளிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. அதை அவள் யாருக்கும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தரவும் முடியாது. பந்து வரும் நேரத்தில் அவளுக்கு முன்னால் எப்போதும் யாராவது ஒருத்தி இருப்பாள். தள்ளமாட்டாள், இழுக்கமாட்டாள். சும்மா அரை அடி நகர்வாள். அவ்வளவுதான். பார்த்தால் முன்னால் இருப்பவள் தொடையைத் தடவிக்கொண்டு வெளியே போவாள். பல நாள் அது நான்தான். என் தொடை கன்றாத நாள் இல்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. அவளுக்கு முன்னால் நிற்கிற இடம் என் இடம் என்று மற்றப் பிள்ளைகளிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரு தடவை பந்து குயவர்கள் பக்கம் போய் விழுந்துவிட்டது. அங்கே அவர்கள் சுடாத பச்சைப் பானைகளை வரிசையாகக் காயவைத்திருப்பார்கள். எறிந்தது அவள்தான். பந்து விழுந்த இடத்தில் நாலைந்து பானைகள் அமுங்கிப்போயின. குயவர் வீட்டு அம்மா குஜராத்தியில் கத்திக்கொண்டு வந்தாள். எல்லோரும் ஓடிவிட்டார்கள். அவள் ஓடவில்லை, நானும் ஓடவில்லை. அவள் இரண்டு கையையும் என் தோளில் வைத்துக்கொண்டு, “சாரி மாஸி, சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிட்டா” என்று பாதி இந்தியில், பாதி தமிழில் அழுகிற குரலில் சொன்னாள். அந்த அம்மா என் காதைத் திருகி, பொழுது சாயும்வரை மண் மிதிக்கவைத்தாள். முழங்கால் வரை களிமண்ணோடு வெளியே வந்தேன். அவள் ஒரு கொய்யாப்பழத்தை உப்பு மிளகாய்த்தூள் தடவி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“வலிக்குதாட்டி? நீ மட்டும் இல்லன்னா நான் செத்தேன்.”

பழத்தை முழுசாக எனக்கே கொடுத்தாள். ஒரு கடிகூடக் கேட்கவில்லை. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, என்ன செய்ய.

மாட்டுங்காவில் நடந்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். அங்கே ஆபீஸ் உத்தியோகக்காரர்கள் வீட்டுப் பெண்கள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று எங்களை ஆடக் கூப்பிட்டது. டீச்சர் எங்களைத் தலை வாரி, வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார். அவர்களிடம் ரப்பர் பந்து, விசில், வெள்ளைச் சுண்ணாம்பில் போட்ட வட்டம். தமிழே வேறு மாதிரி பேசினார்கள். ஆட்டமும் வேறு மாதிரி. முழங்காலுக்குக் கீழே பட்டால்தான் அவுட் என்றார்கள். பாவாடையில் பட்டாலும் அவுட் என்றார்கள்.

அவள் பாவாடை தரையைக் கூட்டும். எங்கள் சந்தில் பாவாடையில் பட்டால் கணக்கில்லை என்று சட்டம் போட்டவளே அவள்தான். ஆட்டம் நடக்கிறது. எங்கள் பக்கத்தில் மிஞ்சியது அவளும் நானும். ஒரு பெண் எறிந்தாள். பந்து அவள் பாவாடை மடிப்பில் பட்டு, என் காலில் உரசிக்கொண்டு போனது. நான் பார்த்தேன். எறிந்த பெண்ணும் பார்த்தாள்.

“பாவாடைல பட்டுடுத்து! நீ அவுட்!”

“எம் பாவாடைலயா? நல்லாப் பாரு. இவ கால்ல பட்டுச்சு. ஏட்டி, உங்கால்லதான பட்டுச்சு?”

என் காலில் பட்டதும் உண்மைதானே. “ஆமா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எறிந்த பெண் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, “நீ ஏன் போறே? மொதல்ல அவ மேலதானே பட்டுது?” என்று கேட்டாள். அவள் ராணியானாள். டீச்சர் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொடுத்தார்.

திரும்பி வரும்போதுதான் எனக்கு வயிற்றை வலித்தது. சந்துக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் வரிசையில் நின்று உள்ளே போனேன். பார்த்தேன். நான் பெரிய மனுஷி ஆகியிருந்தேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை, மாத்திரை போட்டுக்கொண்டு பரீட்சை எழுதப் போகிறார்கள். எங்களுக்கு அன்றைக்கு அப்படியில்லை. பெண்பிள்ளை சமைந்துவிட்டால் வீட்டில் ஒரு மூலையில் சேலையைக் கட்டி மறைத்து உட்காரவைப்பார்கள். ஊரிலிருந்து தாய்மாமா சீர் கொண்டு வருவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சடங்கு நடக்கும். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எத்தனையாவது படிக்கிறாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கோ ஒரு ஆசை இருந்தது. சயானில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு ஒரு தடவை போயிருந்தேன். வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு நர்சுகள் போவதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஏழாவது பாஸ் பண்ணினால் பிறகு அந்த வழியில் போகலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

வெளியே வந்து அவளிடம் ஓடினேன். அவளைத் தவிர யாரிடம் ஓடுவேன்? சொன்னேன். புளியங்கொட்டை நின்றது.

“அம்மாட்ட சொல்லிட்டியா?”

“இல்லக்கா.”

“சொல்லாத. சொன்னேன்னா நாளையோட ஸ்கூல் காலி. நான் சொல்லுதபடி செய்.”

எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பழைய துணியை எப்படிக் கிழிக்க வேண்டும், எப்படி மடிக்க வேண்டும், அம்மா தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்து எப்படி அலச வேண்டும், வயிறு வலித்தால் என்ன சொல்லிப் படுக்க வேண்டும், எல்லாம். காயப்போடுவதற்கு இடம் வேண்டுமே, ஒற்றை அறை வீட்டில்? அவர்கள் கடையின் தகரக்கூரை மேல் ஒரு கோணி கிடந்தது. அதற்கு அடியில் போடச் சொன்னாள். கோணியைத் தூக்கினேன். அங்கே ஏற்கெனவே ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மாவுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் என்னுடையதைப் போட்டேன். இன்னும் சமையாத பெண்ணுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டா என்று இருந்தது எனக்கு.

மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. விளக்கேற்றினேன், தண்ணீர்க் குடம் தூக்கினேன், பந்தாடினேன். அந்த நாட்களில் உள்ளே நிற்காதே, வெளியே நின்று எறி என்று அவளே என்னைப் பார்த்துக்கொள்வாள். என் அக்காள் தங்கைகூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பிறகு அந்தக் காலை வந்தது. குழாயடியில் தண்ணீர் இன்னும் வரவில்லை. குடங்கள் வரிசையில் இருந்தன, பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் அவளுடைய அம்மாவும் முன்னால், நானும் என் அம்மாவும் கொஞ்சம் பின்னால். எங்கள் சந்தில் பிரசவம் பார்க்கிற பெரியம்மா ஒருத்தி இருந்தாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். அவள் இவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“ஏளா, உம் மவளுக்கு வயசு என்ன ஆவுது? கூட உள்ளதுக எல்லாம் கல்யாணத்துக்கு நிக்கி. இவ இன்னும் ஒக்காரலியா? ஏதும் கோளாறு இருக்கான்னு கையோட பாத்துருவோம். இன்னைக்கு மத்தியானம் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வா.”

அவள் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எனக்கும் அதாம் மயினி கவலை. கூட்டியாரேன்.”

அந்தப் பெரியம்மா கண்ணுக்கு எதையும் மறைக்க முடியாது. அவளுடைய ஏழாவது பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவள் கன்னத்தில் கொட்டை நின்றதை நான் பார்த்தேன். ஒன்றும் பதறவில்லை அவள். திரும்பி வரிசையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“என்னையவே ஏன் பெரியம்ம கேக்கிய? கோளாறு எங்கிட்டயா இருக்கு? அங்கன நிக்காளே, அவளைக் கேளுங்க. சமஞ்சு மாசக்கணக்காச்சு. அம்மாக்காரிக்கே தெரியாம மறைச்சுக்கிட்டுத் திரியுதா. வெளக்கைத் தொடுதா, கொடத்தைத் தூக்குதா.”

எல்லோரும் திரும்பினார்கள். அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், கோணிக்கு அடியில் கிடந்த மற்றத் துணி யாருடையது என்று எனக்குப் புரிந்தது.

“நெசமாட்டி?” அம்மா கேட்டாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எந்தப் பக்கம் எறியப்போகிறேன் என்று.

சொல்லியிருக்கலாம். கடைக் கூரைக்கு ஒரு ஆளை ஏறச்சொன்னால் போதும். என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பட்டவள் பட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். பக்கத்தில் நிற்பவளைக் காட்டிவிட்டு வருகிற பழக்கம் எனக்கு இல்லை. “ஆமாம்மா” என்றேன். அவ்வளவுதான்.

“அடிப் பாவி மூதி!” என்று பிரசவக்காரப் பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “தீட்டோட தண்ணி எடுத்திருக்கா பாரு, எல்லாரும் கொடத்தைக் கவுத்துங்கட்டி!” குடங்கள் தடதடவென்று கவிழ்ந்தன. அவளைப் பார்க்கக் கூப்பிட்டது அந்தச் சத்தத்தில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் முந்தானையை எடுத்து என் தலையில் போட்டு மூடி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அடித்திருந்தால் தேவலை.

சேலைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ரயிலேறி மாமா வந்தார். டீச்சரும் ஒருநாள் வீடு தேடி வந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நல்லாப் படிக்கிற பொண்ணுங்க. இந்த வருஷத்தையாவது முடிக்கட்டுமே.”

“வழக்கமில்ல டீச்சரம்மா” என்றார் அப்பா. “ஏதோ எழுத்துக் கூட்டத் தெரிஞ்சிட்டு. அது போதும் அவளுக்கு.”

சடங்கன்றைக்கு அவளும் வந்தாள். புதுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் கேட்காமல் பேசினாள்.

“கோவமாட்டி?”

நான் கையிலிருந்த புது வளையல்களை எண்ணினேன்.

“அந்தக் கெழவி என்னைப் பாத்திருந்தா என் ஏழாவது போயிருக்கும். உனக்கென்ன, நீ அஞ்சாவதுதான?”

என் மடியில் உதிர்ந்திருந்த அவளுடைய கனகாம்பரத்தைத் தட்டிவிட்டேன்.

“பரீட்சை முடியட்டும். நான் படிச்சதெல்லாம் சாயங்காலம் சாயங்காலம் வந்து உனக்குச் சொல்லித் தாரேன். சத்தியமா.”

அந்தச் சத்தியத்தை நான் நம்பினேன் என்று எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பரீட்சை முடிந்தது. அவள் வரவில்லை. சாயங்காலம் ஆனால் சந்தில் பந்து தரையில் விழுகிற சத்தம் கேட்கும். என் வீட்டுப் பந்து. யாரோ “அவுட், அவுட்!” என்று கத்துவார்கள். அவள் குரல் மட்டும் கேட்காது. உள்ளே நிற்பவள் கத்தமாட்டாளே.

அவள் பாஸ் ஆன செய்தி வந்தது. செய்தி வந்த வாரத்திலேயே அவள் சமைந்துவிட்டாள் என்றும் செய்தி வந்தது. கடைக்காரர் வீட்டுச் சடங்கு, சந்து முழுவதையும் அடைத்துப் பந்தல். லட்டு, மேளம் எல்லாம். தோழி என்று சொல்லி, மஞ்சள் தண்ணீரைச் செம்பில் மொண்டு கொடுக்க என்னை அண்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவள் மணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தியாக ஊற்றினார்கள்.

“பாத்தியளா, படிப்பு முடியுத வரைக்கும் காத்துக் கெடந்து வந்திருக்கு. புண்ணியம் பண்ணுன பிள்ளை” என்றாள் ஒருத்தி.

“பின்ன? நம்ம அவசரக்குடுக்கை மாதிரியா?” பிரசவக்காரப் பெரியம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரிக்க வேண்டியிருந்தது.

செம்பு என் கையில் இருந்தது. மணையில் இருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். “என்னட்டி செம்பைக் குடு” என்று ஒருத்தி இடித்தாள்.

“தண்ணி சூடு சரியா இருக்காக்கா?” என்று கேட்டுவிட்டுச் செம்பைக் கொடுத்தேன்.

அவள் அழுதுவிட்டாள். இனிக் கல்யாணமாகிப் பிறந்த வீட்டை விட்டுப் போகிற நினைப்பில் அழுகிறாள் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். நான் பந்தலை விட்டு வெளியே வந்து லட்டைக் காக்காய்க்குப் போட்டேன்.

அவள் மேலே படித்தாள். வீட்டில் எப்படிச் சம்மதிக்கவைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அதற்கும் யாரையாவது முன்னால் நிறுத்தியிருப்பாள். அவர்கள் கடையை விற்றுவிட்டுச் செம்பூர் பக்கம் குடிபோனார்கள். எனக்குப் பதினேழில் கல்யாணம் ஆயிற்று. அடுத்த வருஷம் மூத்தவள் வயிற்றில். வலி கண்டதும் என் வீட்டுக்காரர் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சேர்க்கிற மேஜைக்கு ஆண்கள் வரக்கூடாது என்று அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

வாயில் கொட்டை இல்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மற்றபடி அவளேதான். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தாள்.

“நாம் க்யா?” என்று கேட்டாள். இந்தியில், என்னிடம், என் பெயரை.

சொன்னேன். வீட்டுக்காரர் பெயர் கேட்டாள், சொன்னேன். ஊர் கேட்டாள், அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தாளை என் பக்கம் திருப்பி, மை தடவிய பெட்டியைத் திறந்து என் முன்னால் தள்ளினாள்.

“அங்கூட்டா லகாவ்.”

பெருவிரலை உருட்டச் சொல்கிறாள். எழுத வருமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு ‘ழ’ கோணலாக வருகிறது என்று என் சிலேட்டில் கைபிடித்து எழுதித் திருத்தியவள்.

வலி வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது போகிற வரைக்கும் நின்றேன். பிறகு பெட்டியை அவள் பக்கமே தள்ளினேன்.

“பேனா குடுங்கக்கா.”

பக்கத்தில் இருந்த மலையாளத்து நர்ஸ் நிமிர்ந்து அவளைக் கேட்டாள். “இவங்களை அறியுமோ உனக்கு?”

“இல்ல. தாராவிக்காரங்க எல்லாரையும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க” என்றாள். இதைத் தமிழில் சொன்னாள்.

பேனா வந்தது. என் பெயரை முழுசாக எழுதினேன், முன்னால் அப்பாவின் முதல் எழுத்தோடு. பாதி எழுதும்போதே அடுத்த வலி வந்துவிட்டது. கடைசி எழுத்து இழுத்துக்கொண்டு தாளின் ஓரம் வரைக்கும் போயிற்று. ஆனால் புள்ளி ஒன்றும் விடவில்லை. அவள் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

“இந்தக் கேசை நீ பாத்துக்கோ” என்று மலையாளத்து நர்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த மலையாளத்துப் பிள்ளைதான் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றது, மூத்தவள் பிறக்கிற வரைக்கும். வார்டில் நான் கிடந்த நாளெல்லாம், கதவு திறக்கும்போது ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. இருக்கிறாளா, இல்லையா, தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

எழுதி முடித்துவிட்டேன். பேத்தி இப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், பரவாயில்லை, எனக்கும் கேட்க நேரம் இருக்கிறது. இந்தா மக்கா, கையைக் கழுவிட்டு வா, இதை மேலேயிருந்து சத்தமா வாசி. எழுதிக்கிட்டே போகும்போது எங்கயாச்சும் அவ பேரு என் கையை மீறி வந்திருந்தா, அந்த இடத்துல நிறுத்து. அதை அடிச்சிட்டு, பொறவு மேல படி.